மதுரைக்காரர் கோல்ஃப் கிளப்பில் சேர்வது எப்படி? படிவம் வாங்கும் முன் ஒரு வழிகாட்டி

மதுரையில் ஷட்டில் ஆட ஆசை வந்தால் தெருவுக்குத் தெரு இண்டோர் கோர்ட் இருக்கிறது. டென்னிஸ், நீச்சல் எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். கோல்ஃபுக்கு மட்டும் முதல் வேலை வண்டிக்குப் பெட்ரோல் போடுவது. இங்கிருந்து கிளம்பினால் பக்கத்தில் இருக்கும் 18 ஹோல் (பந்தை விழவைக்கும் 18 குழிகள் உள்ள) மைதானம் கொடைக்கானலில் இருக்கிறது. அதற்கே மலை ஏற வேண்டும். அதனால் சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் கிளப் தேடும் முறை நமக்கு ஒத்துவராது. எது பெரிய கிளப், யார் யார் அதில் உறுப்பினர் என்பதெல்லாம் அவர்கள் கவலை. எந்த கிளப்புக்கு நம்மால் உண்மையிலேயே போய்வர முடியும் என்பதுதான் நம் கவலை.

நான் இதில் இறங்கியபோது ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் படிவத்திலேயே இருக்கு சார்" என்பார்கள். படிவத்தில் பாதிதான் இருக்கும். பழைய உறுப்பினர்களைக் கேட்டால் தாங்கள் சேர்ந்த காலத்துக் கதையை, அந்தக் காலத்துக் கட்டணத்தோடு சொல்வார்கள். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கட்டணங்கள் கிளப்புக்கு கிளப், வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் எந்த கிளப்பின் தொகையையும் இங்கே குறிப்பிடவில்லை. எந்தெந்தத் தலைப்பில் பணம் கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் தொகையை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

1. கிளப் இருக்கட்டும், முதலில் ஆடிப் பாருங்கள்

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தபோது ஆடிப் பழகி, இப்போது ஊரோடு வந்துவிட்டவர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மட்டையே பிடிக்காதவர்கள் சில மாதங்கள் பழகிய பிறகு கிளப்பைப் பற்றி யோசியுங்கள். டிவியில் பார்க்கும்போது நின்ற இடத்தில் இருந்து அடிக்கும் ஆட்டம்போலத் தெரியும். 18 ஹோல் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆறேழு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். முதல் நாள் பாதிப் பந்துகள் புல்லைத்தான் உழும். இது பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு லட்சங்களை எடுத்து வைப்பது நல்லது.

பழகுவதற்கு மொட்டை மாடி போதும். கோல்ஃப் பயிற்சிக்கென்றே வலையும் விரிப்பும் ஆன்லைனில் கிடைக்கின்றன. வலையை நம்பி நிஜப் பந்தை அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபத்து. நுரைப் பந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) ஒன்றும், பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் மட்டை) ஒன்றும் இருந்தால் மூன்று மாதம் ஓட்டலாம். பயிற்சியாளர் தேடும்போது நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை கோவைக்கோ கொடைக்கானலுக்கோ போய் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு வந்து, மீதியை மாடியில் செய்தால் போதும்.

முழு செட் வாங்கச் சொல்லி நண்பர்கள் நச்சரிப்பார்கள். விதிப்படி ஒருவர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அத்தனையும் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நெடுந்தூரம் அடிக்க ஒரு வுட், இரண்டு மூன்று அயர்ன், பந்தை உயரத் தூக்கிப் போட ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் என்று அரை செட்டே புதியவருக்கு அதிகம். டெகத்லானின் இனெசிஸ் வகையில் ஆரம்ப செட் கிடைக்கிறது. பழைய செட்டை யாராவது விற்றால் இன்னும் நல்லது. இடது கைக்காரர்கள் மட்டும் சொந்த செட் இல்லாமல் கிளம்ப வேண்டாம். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் வலது கை செட்தான்.

2. வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு? எழுதிப் பாருங்கள்

இந்தக் கணக்கைப் போடாமல் படிவம் வாங்காதீர்கள். எந்த கிளப் என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

கொடைக்கானல் என்றால் போக மூன்று, மூன்றரை மணி நேரம். வருவதற்கும் அதே. நடுவில் ஆட்டம், குளியல், சாப்பாடு. ஒரு ரவுண்டுக்கு (18 ஹோலையும் ஒருமுறை ஆடி முடிப்பது) ஒரு முழு நாள் போய்விடும். இப்போது காலண்டரைக் கையில் எடுங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஞாயிற்றுக்கிழமைகள் கல்யாண வீட்டுக்குப் போய்விடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், நீங்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. பிள்ளைகளுக்குத் தேர்வு வரும், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும். எல்லாம் போக மிஞ்சுவதை எண்ணினால் மாதம் ஒரு ரவுண்டு வந்தாலே பெரிது.

ஒரு மாதிரிக் கணக்கு (தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்): நுழைவுக் கட்டணம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 3,54,000. பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 35,400. மாதச் சந்தா 1,500 என்றால் ஜிஎஸ்டியோடு 1,770, வருஷத்துக்கு 21,240. இரண்டையும் கூட்டினால் 56,640. வருஷம் 12 ரவுண்டு ஆடுகிறவருக்கு ஒரு ரவுண்டு 4,720 ரூபாய். 40 ரவுண்டு ஆடுகிறவருக்கு 1,416. இதற்கு மேல்தான் பெட்ரோல். மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்வர சுமார் 240 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடும் வண்டி என்றால் 16 லிட்டர், 1,600 ரூபாய்க்குக் குறையாது. அப்புறம் கேடியின் (பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர்) கூலி, சாப்பாடு.

அதே மைதானத்தில் வெளியாள் ஒருவர் கிரீன் ஃபீ (மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம்) கட்டி ஆட எவ்வளவு என்று கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் உறுப்பினராகாமல் இருப்பதே லாபமாக வரும். என் கருத்தைக் கேட்டால், வருஷத்துக்கு இருபது ரவுண்டைத் தாண்டாதவர் கிளப்பில் சேர அவசரப்பட வேண்டியதில்லை. கோல்ஃபோடு சேர்த்து அங்கே குடும்பத்தோடு தங்குவது, வெளியூர் கிளப்புகளின் அறைகளைப் பயன்படுத்துவது என்றெல்லாம் திட்டம் இருந்தால் கணக்கு மாறும். அதையும் ரூபாயில் எழுதிப் பாருங்கள்.

3. எந்த ஊர்?

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. 18 ஹோல். பில்லர் ராக்ஸ் போகும் சாலையில், ஏரியைத் தாண்டி மேலே இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அழகைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, போனால் தெரியும். சேர நினைப்பவர்கள் வேறு சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கட்டணம் இல்லை, செல்போன் எண்ணை வைத்து ஆன்லைனில் எடுத்துவிடலாம். ஆனால் 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கோல்ஃப் ஆடுகிறவருக்கு வசதியான சனி, ஞாயிறில்தான் உலகமே மலை ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பாதை நெரிசலில் மாட்டினால் உங்கள் டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கிய நேரம்) போனதுதான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது, வழியில் சோதிப்பார்கள். ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பனிமூட்டம். காலையில் கண்ணாடிபோல இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். குழியைக் காட்டும் கொடியே தெரியாமல் கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நோக்கி அடித்த அனுபவம் அங்கே ஆடும் எல்லோருக்கும் உண்டு. காலை ரவுண்டுதான் நல்லது. அதற்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும், இல்லாவிட்டால் விடியும் முன் மலை ஏற வேண்டும். தங்கும் செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா?

மூன்றாவது காட்டுமாடு. விளையாட்டாகச் சொல்லவில்லை. பேர்வேயில் (கிரீனுக்குப் போகும் புல்வெளிப் பாதை) மேய்ந்துகொண்டிருக்கும், குளம்புத் தடம் கிரீன் வரைக்கும் வரும். 2019-இல் மாறிய விதிகளின்படி, கிரீனில் உள்ள விலங்குகளின் குளம்புத் தடத்தை ஆடும் முன்பே சரிசெய்துகொள்ளலாம். பந்துக்கு அருகே கிடக்கும் சாணத்தையும் பந்து அசையாமல் அப்புறப்படுத்தலாம், தண்டம் கிடையாது. மாடு நிற்கும்போது என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், கேடி சொல்வதைக் கேளுங்கள். "சார், அது போறவரைக்கும் மட்டைப் பைக்குப் பின்னாடியே நில்லுங்க, பந்து எங்கயும் ஓடிராது" என்று ஒரு கேடி அண்ணன் என்னை நிறுத்திவைத்தார். ஒற்றைக் கொம்பன் ஒன்று எங்களைப் பார்த்தபடியே அசைபோட்டு முடித்து, எழுந்து, சரிவில் இறங்கிப் போன பிறகுதான் பையைத் தூக்கினார். அடுத்த அடிக்கு நான் எடுத்த ஐந்தாம் நம்பரை வாங்கி வைத்துவிட்டு குறைந்த தூரம் அடிக்கும் ஏழாம் நம்பரைக் கொடுத்தார். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். அங்கே அடித்த தூரத்தை நம்பிச் சமவெளியில் மட்டை எடுத்தால் பந்து முன்னாலேயே விழுந்துவிடும்.

கோவை கோல்ஃப் கிளப் செட்டிபாளையத்தில் இருக்கிறது. இதுவும் 18 ஹோல். மதுரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. தூரம் அதிகமானாலும் மலைப்பாதை இல்லை, இ-பாஸ் இல்லை, மூடுபனி இல்லை. மழையும் நம் பக்கத்தைவிடப் பெரிதாக இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். தொழில் விஷயமாக அடிக்கடி கோவை போகிறவர், மகனோ மகளோ அங்கே படிக்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோவைதான். எப்படியும் போகிற பயணத்தோடு ஒரு ரவுண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். மதுரைக்காரர்கள் பலர் கொடைக்கானல் மீதுள்ள ஆசையால் இதைக் கவனிப்பதே இல்லை.

மற்றவை வருஷத்துக்கு ஓரிரு முறை போவதற்கு. ஊட்டி ஜிம்கானா, குன்னூர் பக்கத்தில் வெலிங்டன் ஜிம்கானா இரண்டும் 18 ஹோல். வெலிங்டன் ராணுவத்தோடு தொடர்புள்ள இடம். திருவனந்தபுரத்தில் கவடியார் பக்கம் இருப்பது 9 ஹோல். 9 ஹோல் என்றால் இளப்பமாக நினைக்காதீர்கள், அதையே இரண்டு சுற்று ஆடினால் 18. சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. சென்னை கிளப்புகளில் புதிதாக இடம் கிடைப்பதே கஷ்டம்.

4. கையில் இருக்கும் கிளப் அட்டையைப் புரட்டிப் பாருங்கள்

மதுரையிலேயே ஏதாவது ஒரு பழைய கிளப்பில் நீங்களோ உங்கள் அப்பாவோ உறுப்பினரா? அப்படியானால் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போய் இணைப்பு கிளப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். கிளப்புகள் ஒன்றோடொன்று ஒப்பந்தம் வைத்திருக்கும். ஒன்றில் உறுப்பினராக இருந்தால் மற்றதில் சலுகைக் கட்டணத்தில் தங்கலாம், சாப்பிடலாம், சில இடங்களில் ஆடலாம். பணம் மிச்சமாகும் வழி இதைவிட வேறு கிடையாது. எத்தனையோ பேர் இதைக் கேட்காமலேயே புதிதாக ஒரு கிளப்புக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கேட்கும்போது மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள். இணைப்பு அறைக்கும் ஹோட்டலுக்கும் மட்டுமா, மைதானத்துக்கும் உண்டா? வருஷத்துக்கு எத்தனை நாள் அனுமதி? அறிமுகக் கடிதம் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டுமா, அட்டையைக் காட்டினால் போதுமா? கடிதம் வேண்டும் என்றால் செயலர் கையெழுத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். வெள்ளிக்கிழமை மாலை போய் நின்றால் கிடைக்காது.

5. விருந்தாளியாகப் போய் ஆடிப் பாருங்கள்

ஒருமுறை போனால் போதாது. மழைக்காலத்தில் ஒருமுறை, சீசன் வார இறுதியில் ஒருமுறை, சாதாரண வார நாளில் ஒருமுறை போங்கள். நவம்பரில் சேறாகக் கிடக்கும் மைதானத்தை பிப்ரவரியில் பார்த்து மயங்கக் கூடாது. போகும் முன் தொலைபேசியில் வெளியாட்களுக்கு அன்று அனுமதி உண்டா, போட்டி ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பல மைதானங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பராமரிப்பு விடுமுறை.

கிளப் ஹவுஸின் மரத் தரையையும் சுவரில் மாட்டிய பழைய போட்டோக்களையும் ரசித்துவிட்டு வந்துவிடாதீர்கள். கிரீன் எப்படி இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையிலும் பாய்ச்சுகிறார்களா என்று பாருங்கள். கேடிகள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா? மனைவியோ மகளோ ஆடப் போகிறார்கள் என்றால் ஒன்பதாவது ஹோல் பக்கம் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பெரும்பாலான ஆண்கள் கேட்பதில்லை, அப்புறம் வீட்டில் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. சனி, ஞாயிறு காலை டீ டைம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். சில கிளப்புகளில் உள்ளூர்க் கோஷ்டிகள் அந்த நேரத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பார்கள். வெளியூர் உறுப்பினருக்குப் பகல் பன்னிரண்டு மணிதான் மிஞ்சும்.

இதையெல்லாம் கேடிகளிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கிடைக்காத விவரம் அவர்களிடம் கிடைக்கும். கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

6. நிலம் யாருடையது?

இதைக் கேட்டால் அலுவலகத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல்கூடத் தேவைப்படும். பழைய மைதானங்களில் பல அரசு நிலத்தில் குத்தகைக்கு இருப்பவை. 2024 செப்டம்பரில் சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்பது காரணம். அந்த வளாகத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. அதே ஆண்டு ஊட்டி பந்தய மைதானத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. பந்தயத்துக்கும் வாடகைக்கும் தொடர்பே இல்லாத கோல்ஃப் உறுப்பினர்கள் நீதிமன்றப் படியேறும் நிலை வந்தது.

எனவே நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது, வாடகை பாக்கி இருக்கிறதா, வழக்கு நடக்கிறதா என்று கேளுங்கள். கடந்த ஆண்டு அறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாக்கியும் வழக்கும் அதில் இருக்கும். வாழ்நாள் உறுப்பினர் கட்டணத்தைக் கட்டும்போது, மைதானத்தின் வாழ்நாள் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

7. பணம்: எந்தெந்தத் தலைப்பில் கேட்பார்கள்

நுழைவுக் கட்டணம் திரும்ப வராது. வைப்புத்தொகை திரும்ப வரும் என்பார்கள். எப்போது, எத்தனை மாதத்தில், என்னென்ன பிடித்தம் போக என்பதைக் கிளப்பின் துணைவிதியில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தா, உறுப்பினர் ஆடினாலும் கட்ட வேண்டிய கிரீன் ஃபீ (சில இடங்களில் உண்டு), லாக்கர், கேடி நலநிதி, போட்டிக் கட்டணம். சந்தா தவிர மற்றவை சிறு தொகைகள், ஆனால் கூட்டிப் பார்த்தால் சந்தாவைத் தொட்டுவிடும்.

மறைந்திருக்கும் இரண்டில் கவனம் வேண்டும். ஒன்று, குறைந்தபட்ச பில். மாதம் இவ்வளவு ரூபாய்க்கு சாப்பாடோ பாரோ பயன்படுத்தியாக வேண்டும், இல்லாவிட்டாலும் அந்தத் தொகை பில்லில் ஏறும். உள்ளூர்க்காரருக்கு அது பெரிய விஷயமில்லை, 120 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு மாதாமாதம் தண்டம். வெளியூர் உறுப்பினர் என்ற தனிப் பிரிவு இருந்தால் இதில் விலக்கு கிடைக்கலாம், சந்தாவும் குறைவாக இருக்கும், ஓட்டுரிமை இருக்காது. மதுரைக்காரருக்கு ஓட்டுரிமை பெரிய நஷ்டமில்லை என்பது என் கட்சி. இரண்டு, மேம்பாட்டு வசூல். கிரீனைத் திருத்துகிறோம், கிளப் ஹவுஸை இடித்துக் கட்டுகிறோம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு எல்லா உறுப்பினர்களிடமும் வாங்குவார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் இப்படி எத்தனை முறை வசூல் நடந்தது என்று கேளுங்கள்.

வரி விஷயம் மூன்று. கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. திரும்பத் தரும் வைப்புத்தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை, பில்லில் அதற்கும் சேர்த்துப் போட்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். மில், கடை, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் "கம்பெனி பேரில் சேருங்க, ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். முடியாது. கிளப் உறுப்பினர் கட்டணத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அதனால் காசோலையிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள். ரசீதில் நுழைவுக் கட்டணம், வைப்புத்தொகை, வரி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

8. ஆவணங்களும், முன்மொழியும் ஆளும்

பொதுவாகக் கேட்பவை: ஆதார், பான், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள் (அதிகமாகவே எடுத்துப் போங்கள்), சில இடங்களில் கடைசி இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. மனைவியையும் பிள்ளைகளையும் சேர்க்கத் திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். பழைய தம்பதிகள் பலரிடம் திருமணப் பதிவே இருக்காது. பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டிவரும், முன்கூட்டியே ஆரம்பியுங்கள். பிள்ளைகள் எந்த வயது வரைக்கும் பெற்றோர் கணக்கில் ஆடலாம், அதற்குப் பிறகு தனியாகச் சேரச் சலுகை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, பானில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கிளப் எழுத்தர் நம்ப மறுப்பார். திருத்தி முடிக்க நேரமில்லை என்றால் நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்பது முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்து. இருவரும் அந்த கிளப்பில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களாக, இத்தனை வருஷம் ஆனவர்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். ஒருவர் ஒரு வருஷத்தில் இத்தனை பேரைத்தான் முன்மொழியலாம் என்றும் இருக்கலாம். ஒரு கிளப்பில் என் விண்ணப்பம் பல வாரம் கழித்துத் திரும்பி வந்தது. வழிமொழிந்தவருக்குச் சந்தா பாக்கி இருந்ததாம். பாக்கி உள்ளவர் கையெழுத்து செல்லாது என்று படிவத்தில் எங்கேயும் இல்லை. மூத்தவரிடம் போய் "அண்ணே, பாக்கி ஏதும் இருக்கா" என்று எப்படிக் கேட்பது? கையெழுத்து வாங்கும் முன் அவருடைய உறுப்பினர் எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அவருக்கும் சங்கடமில்லை, நமக்கும் அலைச்சலில்லை.

உங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது என்றால் அலுவலகத்தில் ஆள் பிடித்துத் தரச் சொல்லாதீர்கள். விருந்தாளியாக ஆடப் போகும்போது கூட ஆடுகிறவர்களோடு பழகுங்கள். நான்கு மணி நேரம் சேர்ந்து நடந்தவர்கள், ஆள் எப்படி என்று தெரிந்த பிறகு தாமாகவே கையெழுத்துப் போடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு முன்மொழிய ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று தரகர் யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

9. காத்திருப்பு, நேர்காணல், வேட்டி

விண்ணப்பம் கொடுத்ததும் பெயரையும் போட்டோவையும் அறிவிப்புப் பலகையில் சில வாரங்கள் ஒட்டிவைப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கலாம். அப்புறம் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும், சில இடங்களில் ரகசிய வாக்கெடுப்பும் உண்டு. மாதக்கணக்கில் ஆகலாம், பெரிய கிளப்புகளில் வருஷக்கணக்கில். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. முழுத் தொகையை விண்ணப்பத்தோடே கேட்டால், நிராகரித்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நேர்காணல் சம்பிரதாயம்தான். என்ன தொழில், எவ்வளவு நாளாக ஆடுகிறீர்கள், மதுரையிலிருந்து எப்படி வருவீர்கள் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு இரண்டாம் எண்ணில் போட்ட கணக்கு கைகொடுக்கும்.

வேட்டி கட்டிப் போகலாமா என்று பலருக்கு ஒரு தயக்கம். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாததால் பெரிய பிரச்சினை ஆகி, அதே ஆண்டு தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. வேட்டியைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதனால் கிளப் ஹவுஸுக்கு தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். மைதானத்தில் இறங்கும்போது காலர் வைத்த டி-ஷர்ட், பேண்ட், மெத்தென்ற குமிழ் வைத்த கோல்ஃப் ஷூ. ஜீன்ஸ் பெரும்பாலும் கூடாது.

10. சேர்ந்த முதல் மாதம்

அட்டை கைக்கு வந்ததும் ஹேண்டிகேப் (ஆடுகிறவரின் திறமையைக் காட்டும் எண்) பதிவைக் கேளுங்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்துவிட்டது. 54 ஹோல்களின் ஸ்கோர், அதாவது மூன்று முழு ரவுண்டு, கொடுத்தால் முதல் எண் கிடைக்கும். அதிகபட்சம் 54.0, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். போகப் போக கடைசி 20 ஸ்கோரில் சிறந்த எட்டை வைத்துக் கணக்கிடுவார்கள். ஸ்கோர் அட்டையில் கூட ஆடியவரின் கையெழுத்து வாங்காமல் கிளம்பிவிடாதீர்கள். மதுரைக்கு வந்த பிறகு அந்தக் கையெழுத்துக்காக மறுபடி மலை ஏற முடியாது. இந்த எண் கையில் இருந்தால் வெளியூர் கிளப்புகளிலும் போட்டிகளிலும் கதவு சுலபமாகத் திறக்கும். ஹேண்டிகேப் இல்லாதவரை வார இறுதியில் ஆட விடாத மைதானங்களும் உண்டு.

சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். பாக்கி வைத்தால் பெயரைப் பலகையில் போடுவார்கள், தொடர்ந்தால் நீக்குவார்கள். கட்டிய நுழைவுக் கட்டணமும் அதோடு போகும். வெளிநாடு போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சந்தாவைக் குறைக்கும் ஏற்பாடு சில கிளப்புகளில் இருக்கிறது.

கொடைக்கானல் என்றால் டீ டைம் உறுதியான அன்றே இ-பாஸும் எடுத்துவிடுங்கள். எட்டு மணி டீ டைமுக்கு மதுரையில் நான்கு மணிக்கு வண்டி எடுத்தால் சரியாக இருக்கும். வத்தலக்குண்டில் காபிக்கு நிறுத்துகிற பழக்கம் இருந்தால் மூன்றே முக்கால்.